பாதியில் நின்றவர்களின் கணக்கு

பெரிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் சாதனை என்று எதைச் சொல்வது என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டு போவதில் எனக்கு விருப்பமில்லை. ஒரே ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டு, அதன் கணக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். அமெரிக்காவின் தென்பகுதியில், அட்லாண்டா நகரத்தின் நடுவே இருக்கும் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் அது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் இடம்; ஆனால் ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் என்பதைப்போல நம் வீடுகளில் புழங்கும் பெயர் அல்ல. 2003-இல் எடுத்த கணக்கின்படி அங்கே இளநிலைப் படிப்பில் சேர்ந்தவர்களில் ஆறு ஆண்டுக்குள் பட்டம் பெற்றவர்கள் நூற்றுக்கு 32 பேர். நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஆறு ஆண்டு அவகாசம் கொடுத்தும் மூன்றில் ஒருவர்தான் கரையேறினார். கறுப்பின மாணவர்களில் அது 29. லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களில் 22. கறுப்பின ஆண்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 18. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்த 32 என்பது 54-ஐத் தொட்டது. அதைவிடப் பெரிய செய்தி, கறுப்பின மாணவர்களும் லத்தீன் அமெரிக்க மாணவர்களும் ஏழைக் குடும்பத்து மாணவர்களும் பல்கலைக்கழகத்தின் மொத்தச் சராசரிக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ பட்டம் வாங்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்த இடைவெளி இன்றும் மூடவில்லை. இது எப்படி நடந்தது என்று பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: மாணவர்கள் படிப்பை விட்டுப் போவதற்கான காரணங்களில் பெரும்பகுதி அவர்களுடைய மூளையில் இல்லை, பல்கலைக்கழகத்தின் அலுவலக மேசைகளில் இருக்கிறது. அந்தக் காரணங்களைத் தேடிக் கண்டுபிடித்து நீக்குவது கல்விச் சாதனைதான், ஆய்வுச் சாதனைக்குக் குறைந்ததல்ல என்பது என் கட்சி.

இந்த நிறுவனத்தின் பழைய வரலாறே இந்தக் கட்சிக்கு ஒரு சான்று. 1913-இல், பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வணிகவியல் படிக்க வருபவர்களுக்காக, ஜார்ஜியா டெக் கல்வி நிறுவனத்தின் மாலைநேரப் பள்ளியாக இது பிறந்தது. உழைப்பவர்களுக்கான இடம் என்று சொல்லிக்கொண்டாலும், உழைப்பவர்களில் ஒரு பகுதியினருக்குக் கதவு மூடியே இருந்தது. விண்ணப்பிப்பவர் நல்லொழுக்கம் உடையவர் என்று அந்தக் கல்லூரியில் முன்பு படித்தவர்கள் கையெழுத்திட்டுச் சான்றளிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. முன்பு படித்தவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். இனத்தின் பெயரை ஓரிடத்திலும் எழுதாமலேயே கறுப்பினத்தவரை வெளியே நிறுத்திவைக்க அந்த ஒரு கையெழுத்துப் போதுமானதாக இருந்தது. மூன்று கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில், 1959-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. உடனே மாநிலச் சட்டமன்றம் மாணவர் சேர்க்கைக்கு வயது வரம்பு கொண்டுவந்தது. வழக்கை வென்ற அந்தப் பெண்களால் அங்கே சேர முடியாமலே போயிற்று. முதல் கறுப்பின மாணவர் உள்ளே வர 1962 ஆயிற்று. இதை நான் பழைய பகையைக் கிளறுவதற்காகச் சொல்லவில்லை. யார் படிப்பது, யார் படிக்கக் கூடாது என்பதை ஒரு படிவமும் ஒரு கையெழுத்தும் தீர்மானித்த இடம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று அது வேண்டுமென்றே செய்யப்பட்டது. 2003-இல் அப்படிப்பட்ட எண்ணம் யாருக்கும் இருக்கவில்லை. ஆனாலும் படிவங்களும் கெடு தேதிகளும் கட்டண ரசீதுகளும் ஏறக்குறைய அதே மாணவர்களையே வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. வஞ்சத்தால் நடந்தது ஒன்று, கவனமின்மையால் நடந்தது மற்றொன்று. வெளியே தள்ளப்பட்டவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பல்கலைக்கழகங்களை உலகம் அளக்கும் முறை இந்தக் கவனமின்மைக்குத் துணை போகிறது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், அவர்களில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்பதே நெடுங்காலமாகப் பெருமையின் அளவுகோல். நூறு பேரில் ஐந்து பேரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் இடம் உயர்ந்தது. அறுபது பேரைச் சேர்த்துக்கொள்ளும் இடம் தாழ்ந்தது. இப்படி அளந்தால் என்ன கிடைக்கும் என்பதைப் பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் 2017-இல் வரிக் கணக்குகளைக் கொண்டு காட்டினார்கள். அமெரிக்காவில் 38 கல்லூரிகளில், நாட்டின் மிகப் பணக்காரக் குடும்பங்களான உச்சி ஒரு சதவீதத்திலிருந்து வந்த மாணவர்களின் எண்ணிக்கை, கீழ்த்தட்டு அறுபது சதவீதக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களின் மொத்த எண்ணிக்கையைவிட அதிகம். புகழ்பெற்ற ஐவி லீக் கல்லூரிகளில் ஐந்து அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே சேர்பவர்களில் பெரும்பாலோர் பட்டம் பெறுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதில் கல்லூரியின் பங்கு எவ்வளவு, குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. வருகிறவர்களை வைத்துக்கொண்டுதான் அது தன்னை நிரூபிக்க வேண்டும். ஆகவே அதன் சாதனையை அளப்பதற்கு நேர்மையான கேள்வி, உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் தாங்கள் தொடங்கியதை முடித்துக்கொண்டு வெளியே போனார்கள் என்பதே.

ஜார்ஜியா ஸ்டேட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியபோது முதலில் கண்ணில் பட்டது பணம். அதுவும் பெரும் பணமல்ல. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், கட்டணத்தை முழுமையாகக் கட்டாதவர்களின் பெயர்களை வகுப்புப் பட்டியலிலிருந்து நீக்குவது அங்கே வழக்கம். ஒரு பருவத்துக்கு ஆயிரம் பேருக்கு மேல் இப்படி நீக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயர்களை எடுத்துப் பார்த்தபோது, பலர் கட்ட வேண்டியிருந்த பாக்கி சில நூறு டாலர் மட்டுமே என்பது தெரிந்தது. அவர்களில் இறுதியாண்டு மாணவர்களும் இருந்தார்கள். நல்ல மதிப்பெண் உள்ளவர்கள், இன்னும் ஒரு பருவம் படித்தால் பட்டம் என்ற நிலையில் இருந்தவர்கள். மூன்றரை ஆண்டு உழைப்பும் அதுவரை கட்டிய கட்டணமும் அரசு அளித்த உதவியும் சில நூறு டாலருக்காக வீணாகிக்கொண்டிருந்தன. 2011-இல் பல்கலைக்கழகம் ஒரு முடிவெடுத்தது. இப்படிப்பட்ட மாணவர்கள் விண்ணப்பித்து, காத்திருந்து, தங்கள் ஏழ்மையை நிரூபிக்க வேண்டியதில்லை. அலுவலகமே கணக்கைப் பார்த்து, தகுதியுள்ளவரின் பாக்கியைக் கட்டிவிட்டு, கட்டிவிட்டோம் என்று அவருக்குத் தெரிவிக்கும். பல்கலைக்கழகத்தின் சின்னமான சிறுத்தையின் பெயரால் பாந்தர் உதவித்தொகை என்று அதை அழைக்கிறார்கள். ஒருவருக்குச் சராசரியாக 900 டாலர் அளவில், ஆண்டுகள் செல்லச் செல்லப் பத்தாயிரம் பேருக்கு மேல் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. இறுதியாண்டில் அதைப் பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அடுத்த இரண்டு பருவங்களுக்குள் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். கேட்டு வாங்க வேண்டிய உதவிக்கும் தேடி வரும் உதவிக்கும் இருக்கும் வேறுபாட்டை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். கேட்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் படித்த குடும்பத்துப் பிள்ளைகள். தன் குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவருக்கு, கேட்கலாம் என்பதே தெரிவதில்லை.

இரண்டாவது கண்டது பாடத்தேர்வில் நிகழும் வழி தவறல். பெரிய பல்கலைக்கழகத்தில் தொண்ணூறு வகைக்கு மேல் பட்டப்படிப்புகள், ஆயிரக்கணக்கான பாடங்கள். எதை எப்போது எடுப்பது என்று வழிகாட்ட இருந்த ஆலோசகர் ஒருவருக்கு எழுநூறு மாணவர்களுக்கு மேல். பெயர் நினைவில் நிற்பதற்கே வழியில்லாத கணக்கு அது. பத்தாண்டு காலத்தில் பல்கலைக்கழகம் வழங்கிய 25 லட்சம் கிரேடுகளையும் ஏறத்தாழ 1,44,000 மாணவர்களின் பதிவுகளையும் எடுத்து, எந்தத் தவறு பிற்பாடு எந்த வீழ்ச்சியில் கொண்டுபோய் விட்டது என்று ஆராய்ந்தார்கள். எண்ணூறு எச்சரிக்கைக் குறிகள் கிடைத்தன. அவற்றில் சில, ஆசிரியர்கள் யாரும் எண்ணிப் பார்த்திராதவை. அரசியல் அறிவியலை முதன்மைப் பாடமாக எடுத்த மாணவர், அதன் முதல் பாடத்தில் ஏ அல்லது பி வாங்கினால் பெரும்பாலும் பட்டத்தை உரிய காலத்தில் முடிக்கிறார். சி வாங்கினால் முடிப்பவர்கள் நூற்றுக்கு 25 பேர் அளவே. சி என்பது தேர்ச்சிதான். தேர்ச்சி பெற்றவரை யாரும் கூப்பிட்டுப் பேசுவதில்லை. அடுத்த கட்டப் பாடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த பாடம் நிறைய வாசிக்கவும் எழுதவும் கேட்கும். அங்கே அவர் விழுவார். செவிலியர் படிப்புக்குப் போக நினைப்பவர்களுக்கோ முதலாண்டுக் கணிதப் பாடத்தின் கிரேடு இதேபோன்ற முன்னறிவிப்பாக இருந்தது. 2012 முதல் ஒவ்வொரு மாணவரின் பதிவும் நாள்தோறும் இந்தக் குறிகளோடு ஒப்பிடப்படுகிறது. ஒரு குறி தென்பட்டால் ஆலோசகர் இரண்டொரு நாளில் அந்த மாணவரை அழைக்கிறார். இதற்காக நாற்பதுக்கும் மேற்பட்ட புதிய ஆலோசகர்களை வேலைக்கு எடுத்தார்கள். ஒருவருக்கு முந்நூறு மாணவர் என்ற அளவுக்குச் சுமை இறங்கியது. ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நேர்முகச் சந்திப்புகள் நடக்கின்றன. இந்தக் கதையை வெளியே சொல்கிறவர்கள் கணினியை முன்னே நிறுத்துகிறார்கள், ஆலோசகர்களைப் பின்னால் நிறுத்துகிறார்கள். என் பார்வையில் வரிசை மாற வேண்டும். கணினி செய்தது யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னது மட்டுமே. கூப்பிட்டதும், உட்காரவைத்துப் பேசியதும், எழுத்துப் பயிற்சிக்கு அனுப்பியதும் சம்பளம் கொடுத்து நியமிக்கப்பட்ட மனிதர்கள்.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி முடித்து, இடம் கிடைத்து, சேருகிறேன் என்று உறுதியும் சொல்லிவிட்டு, வகுப்பு தொடங்கும் நாளில் வராமல் போகிறவர்கள் அங்கே கணிசமாக இருந்தார்கள். அரசு நிதியுதவிப் படிவம், தடுப்பூசிச் சான்று, கடன் ஒப்புதல் என்று அந்தக் கோடை மாதங்களில் முடிக்க வேண்டிய காகித வேலைகளில் எங்கோ சிக்கிக்கொள்கிறவர்கள் அவர்கள். 2016 கோடையில் கைபேசிக் குறுஞ்செய்தி வழியாகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மென்பொருள் ஒன்றைப் பழக்கினார்கள். விடைகளைப் பணியாளர்கள் எழுதிவைத்தார்கள். அந்த ஒரு கோடையில் அது இரண்டு லட்சம் கேள்விகளுக்கு மேல் பதில் சொன்னது. சில மாணவர்களுக்குக் கொடுத்தும் சிலருக்குக் கொடுக்காமலும் சோதித்துப் பார்த்தபோது, கொடுக்கப்பட்டவர்களிடையே வராமல் போவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. முதலாண்டுக் கணிதத்தை விரிவுரைக் கூடத்திலிருந்து கணினிக் கூடத்துக்கு மாற்றி, ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் கணக்குப் போடவும், சிக்கினால் அருகில் நிற்கும் ஆசிரியரைக் கேட்கவும் வழி செய்தார்கள். தோல்வியும் இடைவிலகலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஜார்ஜியாவில் 1993 முதல் லாட்டரி வருமானத்தைக் கொண்டு கொடுக்கப்படும் ஹோப் உதவித்தொகையை, மதிப்பெண் சற்றுச் சரிந்ததால் இழந்துவிட்ட மாணவர்களுக்கு, பருவத்துக்கு 500 டாலரும் பயிற்சியும் கொடுத்து அதை மீட்டெடுக்க உதவினார்கள். இவை ஒவ்வொன்றும் சிறிய ஏற்பாடு. எதுவும் தனியாக நின்று 22 புள்ளி உயர்வைக் கொண்டுவந்திருக்காது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலில் எழுவது, நல்ல மாணவர்களைப் பொறுக்கிச் சேர்த்திருப்பார்கள், அதனால்தான் விகிதம் உயர்ந்தது என்பது. பல பல்கலைக்கழகங்கள் அந்தக் குறுக்கு வழியில் போனதுண்டு என்பதால் இது நியாயமான சந்தேகம். ஆனால் ஜார்ஜியா ஸ்டேட்டில் நடந்தது நேர்மாறானது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் பெல் உதவித்தொகை பெறுபவர்கள் 2007-இல் நூற்றுக்கு 31 பேராக இருந்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது 58 ஆயிற்று. அதே காலத்தில் சேர்பவர்களின் எஸ்.ஏ.டி. நுழைவுத்தேர்வுச் சராசரி இறங்கியது. 2008-இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் மாநில அரசு கொடுக்கும் நிதியும் கோடிக்கணக்கான டாலர் வெட்டப்பட்டது. ஏழை மாணவர்கள் கூடி, நுழைவுத்தேர்வு மதிப்பெண் குறைந்து, அரசுப் பணமும் சுருங்கிய ஆண்டுகளில் பட்டம் முடிப்போர் விகிதம் ஏறியிருக்கிறது. மாணவர் தரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற கொள்கை உண்மையானால் இது நடந்திருக்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது, அதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். மதிப்பெண்ணைத் தாராளமாகப் போட்டால் யாரும் பட்டம் வாங்கலாம் அல்லவா? ஜெஃப்ரி டென்னிங்கும் சக பொருளியலாளர்களும், அமெரிக்கா முழுவதிலும் 1990-க்குப் பிறகு பட்டம் முடிப்போர் விகிதம் உயர்ந்ததற்குக் கிரேடுகள் தளர்ந்தது முக்கியக் காரணம் என்று காட்டியிருக்கிறார்கள். ஜார்ஜியா ஸ்டேட் அதிலிருந்து முற்றிலும் விலகி நின்றது என்று என்னால் சொல்ல முடியாது. நாடு முழுவதும் வீசிய காற்று அங்கேயும் வீசியிருக்கும். ஆனால் தளர்ந்த கிரேடு மட்டுமே காரணம் என்றால் விளக்க முடியாத சான்று ஒன்று உண்டு. 2016-இல் தொடங்கி, பதினொரு அரசுப் பல்கலைக்கழகங்களில், ஏழைக் குடும்பத்தினரும் முதல் தலைமுறையினருமான ஏறத்தாழ பத்தாயிரம் மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் இப்படிப்பட்ட நெருக்கமான ஆலோசனை கொடுத்துப் பார்த்தார்கள். ஜார்ஜியா ஸ்டேட்டில், ஆலோசனை பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் கிரெடிட்டும் உயர்ந்த மதிப்பெண் சராசரியும் எடுத்தார்கள். இரு பகுதியினரும் அதே வகுப்புகளில், அதே ஆசிரியர்களிடம், அதே தேர்வுகளை எழுதியவர்கள். ஆசிரியர் தாராளமாக மதிப்பெண் போடுபவர் என்றால் இருவருக்கும் தாராளமாகத்தான் போட்டிருப்பார். எஞ்சி நிற்கும் வேறுபாடு ஆலோசனையால் வந்தது.

அதே ஆய்வு என் கட்சிக்கு ஒரு சங்கடத்தையும் வைக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. பதினொரு பல்கலைக்கழகங்களையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த ஆலோசனையால் தெளிவான பலன் எதுவும் தெரியவில்லை. ஆக, ஜார்ஜியா ஸ்டேட்டின் வெற்றி பெயர்த்து நட முடியாத ஒன்றா என்று கேட்கலாம். நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். மற்ற இடங்களில் பலவற்றில் எச்சரிக்கை மென்பொருளும் சில ஆலோசகர்களும் சோதனைக்காகச் சேர்க்கப்பட்டார்கள். அதைச் சுற்றியிருந்த கட்டண விதிகளும் பாட அட்டவணையும் முதலாண்டுக் கணித வகுப்பும் பழையபடியே இருந்தன. மாணவரை அழைத்து உங்களுக்கு ஆபத்து இருக்கிறது என்று சொன்னபின், அவரை எங்கே அனுப்புவது? அனுப்புவதற்கு ஒரு கணினிக் கூடமோ, கட்டுவதற்கு ஒரு சிறு நிதியோ, திறந்திருக்கும் ஒரு வகுப்பு இருக்கையோ இல்லாவிட்டால் எச்சரிக்கை கவலையை மட்டுமே கூட்டும். ஜார்ஜியா ஸ்டேட்டில் இவை எல்லாம் ஏற்கெனவே பல ஆண்டு வேலையில் அமைந்திருந்தன. மென்பொருளை விலைக்கு வாங்கலாம். பத்தாண்டு காலம் தன் விதிகளைத் தானே துருவிப் பார்க்கும் பழக்கத்தை விலைக்கு வாங்க முடியாது. பிற பல்கலைக்கழகங்களுக்கு வழிகாட்ட 2020-இல் அங்கே மாணவர் வெற்றிக்கென ஒரு தேசிய நிறுவனத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். அது முதலில் கற்றுத்தர வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது மறுப்பு அறம் சார்ந்தது. பழைய மாணவர்களின் தோல்விகளைக் கொண்டு புதிய மாணவரின் எதிர்காலத்தைக் கணிப்பது, ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் கடினமான படிப்புகளிலிருந்து எளிய படிப்புகளுக்குத் தள்ளிவிடாதா? உன்னால் செவிலியர் ஆக முடியாது என்று ஒரு இயந்திரம் பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தீர்ப்பளிக்கலாமா? இந்த அச்சத்தை நான் முழுவதுமாகப் பகிர்ந்துகொள்கிறேன். சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இத்தகைய கணிப்பில் மாணவரின் இனத்தையும் ஒரு காரணியாகச் சேர்த்திருந்தது 2021-இல் பத்திரிகை விசாரணையில் வெளிவந்தது. அது வெட்கக்கேடானது. ஜார்ஜியா ஸ்டேட் தன் எச்சரிக்கைக் குறிகளில் இனத்தையும் வருமானத்தையும் சேர்ப்பதில்லை என்று சொல்லிவருகிறது. மாணவர் செய்ததைத்தான் பார்க்கிறோம், அவர் யார் என்பதைப் பார்ப்பதில்லை என்பது அதன் நிலை. விளைவைப் பார்த்தால், அறிவியல், தொழில்நுட்பம், கணிதப் பிரிவுகளில் கறுப்பின ஆண்கள் பெறும் பட்டங்கள் இந்த ஆண்டுகளில் இரு மடங்குக்கு மேல் கூடியதாகப் பல்கலைக்கழக அறிக்கைகள் காட்டுகின்றன. இவ்வளவும் சொன்னபிறகும் என் அச்சம் முழுவதும் நீங்கவில்லை. ஆலோசகர் பணியிடங்கள் வெட்டப்படும் ஒரு நெருக்கடி ஆண்டில், பேசுவதற்கு ஆளில்லாமல் கணிப்பு மட்டும் மிஞ்சுமானால், அது எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. கணிப்பை மாணவருக்குத் திறந்து காட்டுவதும், அதற்கு எதிராகத் தன் விருப்பப் பாடத்தைத் தொடர அவருக்கு உரிமை இருப்பதும் விதியாகவே எழுதப்பட வேண்டும்.

ஆய்வு பின்தங்கிவிடும் என்பதும் சொல்லப்படுகிறது. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. இந்தக் காலத்திலேயே கார்னகி வகைப்பாட்டில் மிக உயர்ந்த ஆய்வுச் செயல்பாடுள்ள பல்கலைக்கழகங்களின் வரிசையில் ஜார்ஜியா ஸ்டேட் இடம் பெற்றது. கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலையில் அதன் வானியலாளர்கள் நடத்தும் சாரா தொலைநோக்கித் தொகுதி, ஒரு மீட்டர் விட்டமுள்ள ஆறு தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைத்து, 330 மீட்டர் அகலமுள்ள ஒரே தொலைநோக்கி காட்டும் நுணுக்கத்தைப் பெறுகிறது. வேகமாகச் சுழல்வதால் நடுவில் உப்பி நிற்கும் ஆல்டேர் விண்மீனின் மேற்பரப்பை 2007-இல் படமாகக் காட்டியது அந்தத் தொகுதிதான். சூரியனைப்போல ஹைட்ரஜனை எரித்து ஒளிரும் இன்னொரு விண்மீனின் முகத்தை மனிதர்கள் அப்படிப் பார்த்தது அதுவே முதல் முறை. கட்டண பாக்கியைக் கவனிக்கும் அலுவலகமும் விண்மீனைக் கவனிக்கும் ஆய்வகமும் ஒரே நிறுவனத்துக்குள் இருக்க முடியும்.

செலவு பற்றிய கேள்விக்கு அவர்களுடைய விடை என்னை ஒரே சமயத்தில் நம்பிக்கை கொள்ளவும் எச்சரிக்கையாக இருக்கவும் செய்கிறது. விலகாமல் தொடரும் மாணவர் தொடர்ந்து கட்டணம் கட்டுகிறார். ஆகவே விகிதம் ஒரு புள்ளி உயர்ந்தால் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு முப்பது லட்சம் டாலருக்கு மேல் கூடுதல் வருவாய் என்று அவர்கள் கணக்குக் காட்டினார்கள். ஆலோசகர் சம்பளமும் சிறு உதவித்தொகையும் இதில் அடங்கிவிடும். நிதியமைச்சரையும் ஆட்சிக்குழுவையும் இணங்கவைக்க இதைவிட நல்ல வாதம் கிடையாது. ஆனால் அந்த வருவாய் மாணவரின் பையிலிருந்து வருகிறது. அவர்களில் பலருடைய பை கடனால் நிரம்பியது. வருவாய்க்காக மாணவரைத் தக்கவைப்பதும் பட்டத்துக்காகத் தக்கவைப்பதும் எப்போதும் ஒரே திசையில் போகா. தேவையற்ற பாடங்களை எடுத்துக் காலம் கடத்துவது குறைந்து, பட்டம் வாங்க ஆகும் காலம் சராசரியாக அரைப் பருவம் அளவுக்குச் சுருங்கியிருப்பது, இதுவரை அவர்கள் சரியான திசையில் போயிருக்கிறார்கள் என்பதற்குச் சான்று. மாணவர் சீக்கிரம் முடித்துவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு அந்த அளவு கட்டணம் நட்டம்தானே.

கடைசியாக, எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு. 54 என்பது 54-தான். நூற்றுக்கு 46 பேர் ஆறு ஆண்டிலும் அங்கே முடிக்கவில்லை. அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களின் பொதுச் சராசரியே 63 அளவில் இருக்கிறது. அதற்கும் கீழே நிற்கும் ஓர் இடத்தைச் சாதனை என்று எப்படிச் சொல்வது? அந்த 46 பேரில் ஒரு பகுதியினர் வேறு கல்லூரிக்கு மாறிப்போய் அங்கே படிக்கிறார்கள் அல்லது முடித்துவிட்டார்கள் என்பதையும், முதலாண்டில் முழுநேர மாணவராகச் சேர்பவர்களை மட்டுமே அரசுக் கணக்கு எண்ணுகிறது என்பதையும் சொல்லலாம். வேறிடத்திலிருந்து இடையில் வந்து சேர்பவர்களும், பகுதிநேரம் படிப்பவர்களும் ஏராளமாக உள்ள இடத்தில் அந்தக் கணக்கு பாதி உண்மையைத்தான் காட்டும். ஆனால் இந்த விளக்கங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நான் விரும்பவில்லை. மீதியுள்ளவர்கள் கடனோடும் பட்டமில்லாமலும் போகிறார்கள். ஜார்ஜியா ஸ்டேட்டைச் சாதித்த இடம் என்று நான் சொல்வது 54 என்ற எண்ணுக்காக அல்ல. 32-லிருந்து 54-க்கு வந்தபோது, பின்தங்கியவர்களை விட்டுவிட்டு முன்னேறாமல், அவர்களையே முன்னால் வைத்து வந்ததற்காக. இலாப நோக்கில்லாத அமெரிக்கக் கல்வி நிறுவனங்களில் கறுப்பின மாணவர்களுக்கு ஆண்டுதோறும் மிக அதிகமான இளநிலைப் பட்டங்களை வழங்கும் இடமாக, 1962 வரை அவர்களைச் சேர்க்காத அந்த நிறுவனம் ஆகியிருக்கிறது.

மீதி வேலை எங்கே கிடக்கிறது என்பதை 2016-இன் இணைப்பு காட்டியது. அந்த ஆண்டு ஜனவரியில், அட்லாண்டாவின் புறநகர்களில் இரண்டாண்டுப் படிப்புகளை நடத்திவந்த ஜார்ஜியா பெரிமீட்டர் கல்லூரியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதால்தான் ஜார்ஜியா ஸ்டேட் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. அங்கே இரண்டாண்டுப் படிப்பை மூன்றாண்டில் முடித்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவே. புகழை மட்டும் நாடும் எந்தப் பல்கலைக்கழகமும் அப்படி ஒரு கல்லூரியை அருகில்கூட விட்டிருக்காது. அதே எச்சரிக்கைக் குறிகள், அதே ஆலோசகர் முறை, அதே சிறு உதவித்தொகை அங்கேயும் கொண்டுபோகப்பட்டன. சில ஆண்டுகளில் ஏழு என்பது இரு மடங்குக்கு மேல் ஆயிற்று. பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, குழந்தையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, இரண்டு பேருந்து மாறி வகுப்புக்கு வருகிறவர்கள் அங்கே படிக்கிறார்கள். ஆலோசகரின் அழைப்பு அவர்களுடைய பாடத்தேர்வைச் சரிசெய்யும். வேலை நேரத்தையும் குழந்தைக் காப்பகத்தையும் பேருந்தையும் சரிசெய்யாது. அவற்றுக்குப் பல்கலைக்கழகம் மட்டும் போதாது, நகராட்சியும் மாநில அரசும் மத்திய அரசும் உள்ளே வர வேண்டும். ஜார்ஜியா ஸ்டேட் தன் மேசையில் இருந்த காரணங்களில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட்டது. அடுத்த இருபது புள்ளிகள் அட்லாண்டாவின் சட்டமன்றக் கட்டடத்தில் இருக்கின்றன. பல்கலைக்கழக வளாகத்திலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம்.